இசையும் தோழமையும்

இசைக்கு இளகாத நெஞ்சம் இல்லை என்பர் பெரியோர். ஆனால், எந்த இசைக்கு என்று கேட்டுவிட்டால் போதும், வீட்டில் சண்டைதான். தாத்தாவுக்குச் சீர்காழி கோவிந்தராஜன் வேண்டும். அப்பாவைக் கேட்டால், இளையராஜாவோடு இசை முடிந்துவிட்டது என்பார். அண்ணனுக்குக் கானா. நமக்கோ ஒரு சொல்லும் விளங்காத கொரிய மொழிப் பாட்டு. ஒருவருடைய பாட்டு அடுத்தவருக்கு இரைச்சலாகப் படுகிறது.

இப்படியிருக்க, தோழியர் தங்களுக்குப் பிடித்த பாடல்களைக் கைப்பேசி வழியே ஒருவருக்கொருவர் அனுப்பிக் கேட்டு மகிழ்வது நல்லதா, அன்றிப் பொழுதைக் கொல்லும் வீண் வேலையா? நல்லதே என்பது எங்கள் கட்சி. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. வந்த பாட்டை, அது எவ்வகைப் பாட்டாயினும், முழுவதும் கேட்க வேண்டும்.

பாட்டைப் பகிர்ந்துகொள்வது கைப்பேசியோடு பிறந்த பழக்கம் என்று எண்ணுவோர் தம் வீட்டுப் பாட்டிமாரைக் கேட்டுப் பார்க்கட்டும். 1952-ஆம் ஆண்டு மைய அரசில் செய்தி ஒலிபரப்பு அமைச்சராகப் பொறுப்பேற்ற பி.வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் மக்களின் சுவையைக் கெடுக்கின்றன என்று கருதினார். அகில இந்திய வானொலியில் அப்பாடல்களின் நேரம் சுருங்கி, ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. அதனால் மக்கள் எல்லோரும் சாஸ்திரிய சங்கீதத்தின் பக்கம் திரும்பிவிட்டார்களா? இல்லை, வானொலிப் பெட்டியின் முள்ளைத்தான் திருப்பினார்கள். கடலுக்கு அப்பால் இலங்கை வானொலி திரைப்பாடல்களைத் தாராளமாக ஒலிபரப்பிக் கொண்டிருந்தது. முடிவில் 1957 அக்டோபர் 3-ஆம் நாள் விவித பாரதி தொடங்கப்பட்டு, திரைப்பாடல் நம் வானொலிக்குத் திரும்பி வந்தது. தடை போட்டுச் சுவையை வளர்க்க முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. (நம் கோயில் பாடற்குழுவில் ஒலிக்கும் ஆர்மோனியத்துக்கே 1940 முதல் சுமார் 30 ஆண்டுகள் அகில இந்திய வானொலியில் இடம் இல்லை என்பதைச் சகோதரிகள் அறிவார்களோ என்னவோ!)

அந்த இலங்கை வானொலியின் நேயர் விருப்ப நிகழ்ச்சிக்கு நம் ஊர்களிலிருந்தும் அஞ்சலட்டைகள் போயின. பாடலுக்கு முன் அதை விரும்பிக் கேட்டவர்களின் பெயர்களை அறிவிப்பாளர் வரிசையாக வாசிப்பார். தன் பெயரோடு தோழியின் பெயரையும் சேர்த்து எழுதிப் போட்டுவிட்டு, என்று வரும் என்று நாள்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. பாட்டு மூன்று நிமிடம். காத்திருப்பு மூன்று வாரம்.

பிறகு ஒலிநாடாவின் காலம் வந்தது. நம் அம்மாமார் அதை நன்கு அறிவார்கள். பிடித்த பாடல்களின் பட்டியலை ஒரு தாளில் எழுதி ரெக்கார்டிங் கடையில் கொடுத்தால், வெற்றுக் கேசட்டில் பதிந்து தருவார்கள். 60 நிமிடக் கேசட் என்றால் ஒரு பக்கத்துக்கு அரை மணி. ஆறு ஏழு பாட்டுக்குமேல் கொள்ளாது. ஆகவே, எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று இரண்டு நாள் யோசிப்பார்கள். அப்படி யோசித்துப் பதிந்த கேசட்டைத் தோழியின் பிறந்தநாளுக்குக் கொடுத்தால், அவள் நாடா தேயும்வரை கேட்பாள்.

இன்று நமக்கு இடத்துக்கும் பஞ்சமில்லை, பாட்டுக்கும் பஞ்சமில்லை. ஓர் இரவில் ஐம்பது பாட்டுகளை ஐம்பது பேருக்கு அனுப்பிவிடலாம். அனுப்பியவளும் முழுதாகக் கேட்டிருக்க மாட்டாள். பெற்றவளும் கேட்க மாட்டாள். பதிலுக்கு ஓர் இதயப் படம் போய்ச் சேரும், அவ்வளவே! இதைப் பகிர்தல் என்பதா, கைகழுவுதல் என்பதா?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கைப்பேசியில் உள்ள இசைச் செயலிகள் நாம் முன்பு கேட்டவற்றைக் கணக்கு வைத்துக்கொண்டு, பெரும்பாலும் அவற்றைப் போன்றவற்றையே மேலும் மேலும் நம் முன் நீட்டுகின்றன. சோகப் பாட்டு ஒன்று கேட்டால் ஒன்பது சோகப் பாட்டுகள் வந்து நிற்கின்றன. இயந்திரத்துக்கு நம் நேற்றைய சுவை தெரியும். தோழியோ, "இது உனக்குப் பிடிக்காது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் எனக்காக ஒரு முறை கேள்" என்று சொல்லக்கூடியவள். அந்த வேலையை எந்தச் செயலி செய்யும்?

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வகுப்பில் ஏழு பேர் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். நாளுக்கு ஒருத்தி, ஒருத்திக்கு ஒரே பாட்டு. ஏன் பிடிக்கும் என்று இரண்டு வரி எழுத வேண்டும். மற்ற ஆறு பேரும் இறுதிவரை கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்கலாம். வயலின் கற்கும் தோழி 20 நிமிடக் கல்யாணி ராக ஆலாபனையை அனுப்பினாள். மற்றொருத்தி, நோன்பு நாட்களில் தங்கள் வீட்டில் விடியலுக்கு முன்பே ஒலிக்கும் நாகூர் ஹனிபாவின் பாடலை அனுப்பினாள். அந்தக் கணீரென்ற குரலைக் கேட்டு ஒரு தோழியின் பாட்டி, தம் இளமையில் ஊரெல்லாம் இப்பாட்டைக் கேட்டதுண்டு என்று அடுப்படியிலிருந்து வந்து உட்கார்ந்துவிட்டாராம். ரயில்வேயில் பணியாற்றிய தம் தாத்தாவின் இசைத்தட்டுகளைக் கேட்டு வளர்ந்தவளிடமிருந்து ஜிம் ரீவ்ஸ் வந்தார். கொரியாவின் பி.டி.எஸ். குழுவை அனுப்பியவள், பாடலின் பொருளை வரிக்கு வரி தமிழில் எழுதி அனுப்பினாள். ஓசைக்காகக் கேட்கத் தொடங்கியவர்கள் பொருளுக்காக மறுபடி கேட்டோம்.

ஆறாவது நாள் முறை வந்தவள் மட்டும் பாட்டை அனுப்பவில்லை. "எங்கள் ஊர்த் திருவிழாவில் என் மாமா பறை அடித்ததைப் பதிந்து வைத்திருக்கிறேன். அனுப்பலாமா? சிரிக்க மாட்டீர்களே?" என்று கேட்டாள்.

இக்கேள்வியைத்தான் நாம் எல்லோரும் சற்று நின்று நோக்க வேண்டும். கல்யாணி ராகத்தை அனுப்பியவள் இப்படிக் கேட்கவில்லை. ஜிம் ரீவ்ஸை அனுப்பியவளும் கேட்கவில்லை. அவர்கள் பெருமையோடு கொடுத்ததை இவள் அச்சத்தோடு கொடுக்க நேர்ந்தது ஏன்? பறையில் தாளக் குறைவு ஒன்றும் இல்லை. அதை அடித்தவர்களை ஊர் ஒதுக்கி வைத்தது. கருவியையும் சேர்த்தே ஒதுக்கிவிட்டது. இழவு வீட்டுக்கு மட்டும் உரியது என்று முத்திரையும் குத்தியது. ஆனால் தமிழாசிரியையிடம் கேட்டுப் பாருங்கள். தொல்காப்பியம் நிலங்களுக்குரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, மரம், பறவை என்பவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தே வைக்கிறது. ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பறை உண்டு, ஒரு யாழ் உண்டு. ஒன்று உயர்வு, மற்றது தாழ்வு என்ற பேச்சு அங்கே இல்லை.

திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழு, ஒடுக்கப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த இளம்பெண்களின் கையில் இந்தப் பறையைக் கொடுத்து, தலைநிமிர்ந்து ஆட வைத்திருக்கிறது. பெண்கள் அடிக்கலாகாது என்று ஊரார் சொல்லி வந்த கருவி அது. 2025-ஆம் ஆண்டு மதுரையைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது. நாடு மாலையிட்ட கலையை வகுப்புத் தோழியரிடம் காட்ட ஒரு பெண் தயங்குகிறாள் என்றால், குறை அவளிடத்தில் இல்லை. அவள் அனுப்பினாள், ஆறு பேரும் கேட்டோம். வயலின் தோழி அந்தத் தாளத்தை எண்ண முயன்று இரண்டு முறை தவறவிட்டு, மூன்றாம் முறை பிடித்தாளாம்.

இசை வகைகளுக்கு இடையே நாம் கட்டியிருக்கும் மதில்கள் அப்படியொன்றும் உறுதியானவை அல்ல. அந்த வயலினே ஐரோப்பாவிலிருந்து வந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கற்றுக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார் என்பர். முத்துசுவாமி தீட்சிதரோ வெள்ளைக்காரர் பேண்டு வாத்தியத்தில் கேட்ட மெட்டுகளுக்கு வடமொழியில் பாட்டுக் கட்டினார். ஆங்கில நாட்டுப்பண்ணின் மெட்டும் அவற்றுள் ஒன்று! மாயூரம் முனிசீப் வேதநாயகம் பிள்ளை (1826–1889) கத்தோலிக்கர், பெண்கல்விக்கு வாதாடியவர். அவர் எழுதிய சர்வசமய சமரசக் கீர்த்தனைகளை எல்லாச் சமயத்தாரும் கச்சேரி மேடைகளில் பாடினர். சைவப் பெரும்புலவரான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருடைய உற்ற நண்பர். அவர்மீது ஒரு கோவையே பாடியவர். 1986-இல் இளையராஜா வெளியிட்ட ஓர் இசைத்தொகுப்பு தியாகராஜருக்கும் ஜெர்மானியரான பாக்குக்கும் சேர்த்துக் காணிக்கையாக்கப்பட்டது. பெரியவர்கள் தயங்காமல் தாண்டிய வேலியின் இப்புறம் நின்றுகொண்டு, "அது நம் இசை இல்லை" என்று நாம் சொல்லலாமா?

பெற்றோர் சொல்லும் மறுப்புகளை நாங்கள் தள்ளவில்லை. சில பாடல்களின் சொற்கள் பெண்களை இழிவுபடுத்துவன. அவற்றை மெட்டுக்காக மன்னிக்க வேண்டியதில்லை. படிக்க வேண்டிய நேரம் பாட்டில் கரைவதும் உண்மையே. ஆனால் நாளுக்கு ஒரே பாட்டு என்றால் கரைவது ஐந்து நிமிடம். அம்மாவின் கைப்பேசியில் வரும் பாட்டு அம்மாவின் காதிலும் விழும். அதைவிடச் சிறந்த காவல் ஏது? அறிமுகமில்லாதவர்கள் நிறைந்த கூட்டங்களில் பாட்டுத் தேடிப் போவதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. முகம் தெரிந்த தோழியர் ஏழெட்டுப் பேர் போதும்.

அன்னைமாரிடமும் தந்தைமாரிடமும் ஒரு வேண்டுகோள். "என்ன இரைச்சல் இது" என்று கைப்பேசியைப் பிடுங்குவதற்கு முன், உங்கள் மகளுக்கு உங்கள் பாட்டு ஒன்றைக் கொடுங்கள். எதற்காகப் பிடிக்கும் என்று சொல்லுங்கள். அவள் இறுதிவரை கேட்ட பிறகு, அவள் பாட்டையும் நீங்கள் இறுதிவரை கேளுங்கள்.

அருட்சகோதரிகளிடமும் ஒன்று கேட்கிறோம். வெள்ளிக்கிழமைதோறும் நடக்கும் இலக்கிய மன்றக் கூட்டத்தில் கடைசிப் பத்து நிமிடத்தை இதற்கென ஒதுக்கித் தர வேண்டும். வாரத்துக்கு ஒரு மாணவி, ஒரு பாட்டு, மூன்று வாக்கியம் விளக்கம். கர்நாடக இசையும் வரட்டும், தாலாட்டும் வரட்டும், கானாவும் கீர்த்தனையும் வரட்டும். ஒலிபெருக்கி பள்ளியில் இருக்கிறது. முதல் வாரத்துக்குப் பெயர் கொடுக்க எங்களில் ஒருத்தி ஆயத்தமாக இருக்கிறாள். பாட்டைப் பதிந்து கொண்டுவர அவளுக்கு அனுமதி வேண்டும். அவளுடைய மாமாவோ, அழைத்தால் பறையோடு நேரிலேயே வருவதாகச் சொல்லியிருக்கிறார்.