தூசியும் ஒரு செலவுக் கணக்கே!



காலையில் கடை திறந்ததும், ஊதுபத்தி ஏற்றும் முன்பே, சரக்கின் மேல் படிந்த தூசியைத் தட்ட வேண்டியிருக்கிறது. பொள்ளாச்சி ரோட்டில் கடை வைத்திருப்போர் அனைவரும் அறிந்த சங்கதி இது.

நமது கிணத்துக்கடவு வட்டாரத்தில் கல் குவாரிகளும், கிரஷர்களும், நார் மில்களும் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. கூலி வாங்கியவர் நேரே வருவது நம் கடைக்குத்தான். ஆகவே, 'எல்லாவற்றையும் மூடு' என்று எந்த வியாபாரியும் சொல்ல மாட்டார். ஆனால், 'தொழில் வளர்ந்தால் தூசி பறக்கத்தான் செய்யும்' என்று இருந்துவிடலாமா?

வரவை மட்டும் எழுதி, செலவை எழுதாத பேரேட்டை நாம் ஒப்புக்கொள்வோமா? 2019-ஆம் ஆண்டில் காற்று மாசினால் இந்தியாவில் சுமார் 16.7 லட்சம் பேர் இறந்ததாக, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பங்கேற்ற ஆய்வு மதிப்பிட்டது. சாவாலும் நோயாலும் ஏற்பட்ட உற்பத்தி இழப்பு, நாட்டின் மொத்த உற்பத்தியில் 1.36 சதவீதம். அது நம் கல்லாவுக்கு வராமல் போன பணமும்தான்.

டெல்லியில் பஸ்களை எரிவாயுவுக்கு மாற்றும்படி 1998-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபோது, போக்குவரத்தே முடங்கும் என்றார்கள். 2002 இறுதிக்குள் பஸ்கள் மாறின, வியாபாரம் நிற்கவில்லை. பிறகு வாகனங்கள் பெருகி அங்கே மாசு திரும்பியது வேறு கதை.

இங்கே தேவைப்படுவது அவ்வளவு பெரிய காரியம் அல்ல. கிரஷருக்குத் தடுப்புச் சுவர், தண்ணீர் தெளிப்பு, டிப்பர் லாரிக்குத் தார்ப்பாய். ஜல்லி சிந்தாத ரோடு இருந்தாலே பாதித் தூசி அடங்கும். 2021-ல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நார்த் தொழிலை வெள்ளைப் பிரிவிலிருந்து ஆரஞ்சுப் பிரிவுக்கு மாற்றியபோது பலரும் பதறினார்கள். உத்தரவு வந்தபின் பதறுவதைவிட, முன்னதாக நாமே செய்துகொள்வது லாபம்.

பிறரைச் சொல்லுமுன் நம் முதுகையும் பார்ப்போம். இரவில் கடை சாத்தும்போது அட்டைப் பெட்டியையும் பிளாஸ்டிக் உறையையும் பின்புறம் போட்டுக் கொளுத்துகிறோம். நானும் செய்தவன்தான். பக்கத்து வீட்டு அம்மா வந்து, "புகையில பேத்திக்கு மூச்சு இரைக்குதுங்க" என்று சொன்ன அன்றோடு நிறுத்தினேன். இப்போது அட்டை பழைய பேப்பர் கடைக்குப் போகிறது. கையில் காசும் வருகிறது.

அடுத்த கூட்டத்தில் இரண்டு தீர்மானங்கள் போடுவோம். குப்பை கொளுத்துவதில்லை என்பது நமக்கு. தார்ப்பாய் மூடாத லாரியில் வரும் ஜல்லியும் மணலும் நம் கட்டட வேலைக்கு வாங்குவதில்லை என்பது ஊருக்கு. முதல் கையெழுத்து நாம் போட்டால்தான், மற்றவரிடம் கேட்க நமக்கு வாய் இருக்கும்.