உரைகல்லைக் கண்டு அஞ்சலாமா?

பொன்னை உரைத்துப் பார்க்காமல் வாங்குவோர் நம்மிடையே இலர். மண்பானை வாங்கும் மூதாட்டியும் அதைத் தட்டி ஓசை கேட்ட பின்னரே காசை அவிழ்க்கிறார். ஆனால், வாழ்நாள் சேமிப்பை முதலாக இட்டுத் தொழில் தொடங்கப் புகும் நம் இளைஞர், அத்தொழிலுக்கு அடிப்படையான எண்ணத்தை மட்டும் உரைத்தும் பார்ப்பதில்லை, தட்டியும் பார்ப்பதில்லை. அவ்வாறு பார்ப்பது நம்பிக்கைக் குறைவு என்று அவர்களுக்கு நாமே கற்பித்து வருகிறோம். அக்கற்பிதம் பெரும்பிழை என்பதே என் வாதம்.

அண்மையில் மாணவர்க்கென நடைபெற்ற தொழில்முனைவுப் பட்டறை ஒன்றில், "எண்ணியதை எவர் சொன்னாலும் மாற்றாதே, மாற்றியவன் தோற்றவன்" என்று ஒருவர் முழங்கினார். திருக்குறளின் வினைத்திட்பம் என்னும் அதிகாரத்தையும் துணைக்கு அழைத்தார். அரங்கம் அதிரக் கைதட்டியது. என் உள்ளமோ என் நண்பர் ஒருவரின் வீட்டுக் கூடத்தை எண்ணிக் கலங்கியது.

அந்நண்பர் நல்லாசிரியர். ஓய்வு பெற்றபோது கிடைத்த தொகையின் பெரும்பகுதியைச் செலவிட்டு, மாணவர்க்கான இலக்கணப் பயிற்சி நூல் ஒன்றைப் பல ஆயிரம் படிகள் அச்சிட்டார். வெளியீட்டு விழாவில் மாலைகள் குவிந்தன, பாராட்டுரைகள் பொழிந்தன. வந்தோர் ஆளுக்கொரு படி வாங்கினர். எஞ்சிய கட்டுகள் இன்றும் அவர் வீட்டுக் கூடத்தில் பிரிக்கப்படாமல் கிடக்கின்றன. அச்சகத்திற்கு அனுப்புமுன் ஓர் இயலை, ஒரே ஓர் இயலை, பத்து மாணவரிடம் அவர் கொடுத்துப் பார்க்கவில்லை. கொடுத்திருப்பின் பயிற்சிகள் நீளம், விளக்கம் கடினம் என்பதை ஒரு கிழமையில் அறிந்திருப்பார். விழாவில் புகழ்ந்தவர் எவரும் பொய்யர் அல்லர். ஆயினும், புகழ்தல் வேறு, பயன்படுத்தல் வேறு. இவ்வேறுபாட்டை உணராமைக்கு அவர் கொடுத்த விலை மிகப் பெரிது.

இவ்விழப்பைத் தவிர்க்கும் நெறியொன்று இன்று உலகெங்கும் பேசப்படுகிறது. வீண் செலவையும் வீண் உழைப்பையும் களையும் முறையை ஜப்பானின் டொயோட்டா தொழிற்கூடங்கள் வளர்த்தெடுத்தன. அச்சிந்தனையைப் புதுத்தொழில் தொடங்குவதற்குப் பொருத்தி, அமெரிக்கரான எரிக் ரீஸ் 2011ஆம் ஆண்டில் 'லீன் ஸ்டார்ட்டப்' என்னும் நூலை எழுதினார். எண்ணத்தைச் சோதிக்கப் போதுமான மிகச் சிறிய வடிவத்தை முதலில் செய்க; அதை உண்மையான பயனீட்டாளர் கையில் கொடுத்து, அவர் செய்வதை அளந்து பார்க்க; அளந்ததிலிருந்து கற்றுத் தொடர்க, அல்லது திசையை மாற்றுக. இதுவே அந்நெறியின் சாரம்.

இதை அவர் ஏட்டில் கற்றுச் சொல்லவில்லை, பட்டுச் சொன்னார். 2004இல் ஐ.எம்.வி.யு. என்னும் நிறுவனத்தை நண்பர்களுடன் தொடங்கியபோது, கணினியில் உரையாடுவோர் தாம் முன்னரே பயன்படுத்தும் செயலிகளோடு தம் பொருளையும் இணைத்துக்கொள்வர் என்று நம்பி அவர்கள் மாதக்கணக்கில் உழைத்தனர். மக்களோ அதை நாடவில்லை. புதிய நண்பரைத் தேடித் தரும் தனி இடத்தையே விரும்பினர். எழுதிய நிரல்களில் பெரும்பகுதி குப்பைக்குப் போயிற்று. முதல் வாரமே கேட்டறிந்திருக்கக் கூடியதை மாதங்கள் பல கழித்து அறிந்தோமே என்னும் வருத்தத்திலிருந்து பிறந்ததே அவர் நெறி.

இனி, மறுப்போர் கூற்றுகளை ஆராய்வோம்.

"மாற்றுவது மனவுறுதியின்மை அன்றோ? வள்ளுவர் வினைத்திட்பத்தை வலியுறுத்தவில்லையா?" என்பது முதல் மறுப்பு. வலியுறுத்தினார், ஐயமில்லை. ஆனால், இன்று வழங்கும் வரிசையில் வினைத்திட்பம் 67ஆம் அதிகாரம். அதற்கு இருபது அதிகாரங்களுக்கு முன்னரே, 47ஆவதாக, தெரிந்துசெயல்வகை நிற்கிறது. வரக்கூடிய ஆக்கத்தை எண்ணிக் கையிலுள்ள முதலை இழக்கும் செயலில் அறிவுடையார் இறங்கார் என்னும் கருத்து அங்கேதான் உள்ளது. தெரிதல் முன், திட்பம் பின். பின்னதை மட்டும் எடுத்து மாணவர்க்கு ஊட்டுவது வள்ளுவத்தைப் பாதியாய் வெட்டுவதாகும்.

"மக்களைக் கேட்டு என்ன பயன்? தமக்கு எது வேண்டும் என்பது அவர்களுக்கே தெரியாது" என்பது இரண்டாம் மறுப்பு. இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால், சோதனை என்பது கருத்துக் கேட்பதன்று, செயலைக் காண்பது. 1999இல் சான் பிரான்சிஸ்கோவில் நிக் சுவின்மர்ன் என்பார் காலணிகளை இணையத்தில் விற்க எண்ணினார். "வாங்குவீர்களா?" என்று அவர் ஊரைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, கிடங்கு கட்டவும் இல்லை. அருகிலிருந்த கடைகளில் காலணிகளைப் படமெடுத்து இணையத்தில் இட்டார். எவரேனும் பணம் அனுப்பினால், அக்கடையில் முழு விலை கொடுத்து வாங்கி அனுப்பி வைத்தார். அவ்விற்பனையில் ஊதியம் இல்லை. ஆனால், காலில் போட்டுப் பாராமலே மக்கள் காலணி வாங்குவர் என்னும் உண்மை கிடைத்தது. அதன்மேல் எழுந்ததே சாப்போஸ். 2009இல் அமேசான் அதனை விலைக்கு வாங்கியது.

"இவையெல்லாம் சிறுமுதலாளர்க்கு உரியவை, அறிவும் பணமும் மிக்கோர்க்குச் சோதனை எதற்கு?" என்பது மூன்றாம் மறுப்பு. இதற்கு இரிடியமே விடையளிக்கும். மோட்டரோலா நிறுவனத்தின் பின்துணையோடு, உலகின் எம்மூலையிலிருந்தும் பேச வல்ல தொலைபேசிக்காக 66 துணைக்கோள்கள் கொண்ட கட்டமைப்பை விண்ணில் நிறுவினர். செலவு ஏறத்தாழ 500 கோடி அமெரிக்க டாலர். 1998 நவம்பரில் சேவை தொடங்கியது. 1999 ஆகஸ்டில் நொடிப்பு அறிவிக்கப்பட்டது. பொறியியலில் குறையில்லை. கருவி செங்கல்லைப் போல் கனத்தது; விலையோ மூவாயிரம் டாலரளவு; கட்டடத்திற்குள் சரிவர இயங்காது. திட்டம் கருக்கொண்ட 1980களின் இறுதிக்கும் சேவை தொடங்கிய நாளுக்கும் இடையில் சாதாரணக் கைப்பேசி நகரெங்கும் பரவிவிட்டது. வேறு கைக்கு மாறிய பின்னரே அது சிறுபான்மையினரான கடலோடிகளுக்கும் படைத்துறையினர்க்கும் பயன்படும் தொழிலாய் உயிர்த்தெழுந்தது. வாங்குவோர் உண்மையில் யாவர் என்னும் கேள்வியை, கோள்களை ஏவிய பின்னரன்றோ எழுப்பினர்!

அப்படியாயின், நாள்தோறும் எண்ணத்தை மாற்றிக்கொண்டிருப்பதா? அன்று. மாறக் கூடாதது நோக்கம். மாற வேண்டியது வழி. நம் நாட்டிலேயே சான்று உண்டு. கோலாலம்பூரில் 2012இல் 'மைதெக்சி' தொடங்கியபோது, வாடகைக் காரில் ஏறுவோர், குறிப்பாகப் பெண்கள், அச்சமின்றிப் பயணம் செய்ய வேண்டும் என்பது அதன் நோக்கங்களுள் தலையாயது. முதலில் வாடகைக் கார்களை மட்டும் இணைத்தனர். 2014இல் தனியார் கார்களையும் சேர்த்தனர். கடன் அட்டை இல்லாதோர் மிகுந்த இவ்வட்டாரத்தில் ரொக்கமாகவே கட்டணம் செலுத்த இடமளித்தனர். 'கிராப்' எனப் பெயரும் மாறிற்று. 2018இல் ஊபர் நிறுவனம் தன் தென்கிழக்காசியத் தொழிலைக் கிராப்பிடமே ஒப்படைத்து விலகியது. வழி பலமுறை மாறியும், மக்களைக் கொண்டுசேர்க்கும் பணி மாறவில்லை.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் தேவை. சோதனை என்னும் பெயரால் மக்களை ஏய்ப்போரும் உளர். சில சொட்டு இரத்தத்தில் பல நோய்களைக் கண்டறிவோம் என்ற தெரனோஸ், தன் கருவியால் இயலாததை இயலும் என்று கூறி நோயாளர்க்குப் பிழையான முடிவுகளை வழங்கியது. அதன் நிறுவனர் 2022இல் மோசடிக் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டுச் சிறை சென்றார். அது சோதனையன்று, வஞ்சனை. உயிரோடு தொடர்புடையவற்றை அரைகுறையாய்ப் பிறர்மேல் ஏவுதல் அறமாகாது. வினைத்திட்பத்திற்கு முந்திய அதிகாரம் வினைத்தூய்மை என்பதையும் நாம் மறத்தலாகாது.

ஆசிரியப் பெருமக்களே, இந்நெறி உங்களுக்குப் புதியதன்று. பாடம் நடத்துகையில் மாணவர் முகம் வாடக் கண்டால், ஆண்டிறுதித் தேர்வு வரை நீங்கள் காத்திருப்பதில்லை. அப்போதே எடுத்துக்காட்டை மாற்றுகிறீர்கள். பாடத்தின் நோக்கம் மாறுவதில்லை; வழியே மாறுகிறது. வகுப்பறையில் நாள்தோறும் செய்யும் இதனைத் தொழில் தொடங்க விழையும் மாணவனுக்கும் கற்றுக் கொடுங்கள். வணிகத் திட்டப் போட்டிகளில் அழகிய படங்களுக்கும் அடுக்குமொழிக்கும் மதிப்பெண் வழங்குவதை விடுத்து, "எத்தனை பேரிடம் கொடுத்துப் பார்த்தாய்? எதை மாற்றினாய்?" என்று வினவுங்கள்.

மாணவ மணிகளே, லகர ளகர ழகர வேறுபாட்டைச் சிறுவர்க்குக் கற்பிக்கும் செயலி ஒன்றைச் செய்ய விரும்புகிறீர்களா? நன்று. ஓராண்டு உழைக்குமுன் இருபது பயிற்சிகளைத் தாளில் எழுதுங்கள். பத்துப் பிள்ளைகளிடம் ஆளுக்கு ஒரு வெள்ளி பெற்றுக்கொண்டு கொடுங்கள். இரண்டாம் வாரத்துப் பயிற்சியை எத்தனை பேர் தாமே கேட்டு வருவர் என்று எதிர்பார்க்கிறீர்களோ, அவ்வெண்ணை முன்கூட்டியே எழுதி வையுங்கள். பின்னர் எழுதினால் மனம் நம்மை ஏமாற்றும். எவரும் வாராவிடின் நீங்கள் இழந்தது சில தாள்களே. பெற்றதோ விலைமதிப்பற்ற அறிவு.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்றனர் நம் முன்னோர். அந்த ஒரு சோற்றை நசுக்கிப் பார்க்க அஞ்சுபவன் அடுப்பின்மேல் கொண்ட நம்பிக்கையால் அஞ்சவில்லை. சோறு வேகவில்லை என்னும் செய்தியைக் கேட்கத் துணிவின்றியே அஞ்சுகிறான். அத்துணிவை நம் பிள்ளைகளுக்கு ஊட்டுவோம். இன்னொரு வீட்டுக் கூடத்தில் பிரிக்கப்படாத கட்டுகள் அடுக்கப்படாதிருக்க வழி அதுவே.