மேதைமையும் முன்னுணர்வும்

அரியதொரு செயலை ஒருவர் செய்து முடித்தவிடத்து, அவரைப் 'பிறவி மேதை' என்று கூறி அமைதல் உலகத்தார் வழக்கம். புகழ்மொழி போலத் தோன்றும் இச்சொல், ஆராயுமிடத்து, புகழப்படுவார்க்கும் புகழ்வார்க்கும் ஒருங்கே தீங்கு விளைப்பதாம் என்பது எம் கருத்து. புகழப்படுவாரின் உழைப்பை அது மறைக்கின்றது. புகழ்வாரின் முயற்சியைத் தடுக்கின்றது. மரக்காணத்து உப்பளக் கரையில் வளர்ந்த எம்மனோர்க்கு இஃது ஏட்டளவில் நிற்கும் ஆராய்ச்சியன்று. எம் ஊர்ச் சிறார் எதனைக் கற்க முற்படுவர், எதனை 'நமக்கு ஆகாது' என்று கைவிடுவர் என்பது இதனையே பொறுத்துளது.

முதற்கண் ஒரு கதையை நோக்குவோம். 1974-ஆம் ஆண்டில் ஜப்பானியர் தொலைக்காட்சியில் வெளியிட்ட 'விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ' என்னும் சித்திரத் தொடரில் சனாடா ஷிரோ என்றொரு பொறியறிஞர் வருகின்றார். கப்பல் இடருறுந்தோறும் அவ்விடரைக் களையும் கருவியை அவரே அளிக்கின்றார். நேரக்கூடியதை முன்னரே எண்ணிக் கருவி சமைத்து வைப்பார்க்கு அவர் பெயர் உவமையாகவே வழங்கலாயிற்று. காண்போர் அவரை மேதை என்பர். ஆனால் கதை கூறும் காரணம் வேறு. இளமையில், நிலவின்மேல் அமைந்த கேளிக்கைப் பூங்காவொன்றில் நேர்ந்த விபத்தில் அவர் தம் தமக்கையையும் தம் கைகால்களையும் இழந்தவர். பொறியும் அறிவியலும் மனிதனை அழியாவண்ணம் அவற்றைத் தம் ஆணைக்குள் நிறுத்தவேண்டும் என்ற உறுதியே அவரை அறிஞராக்கிற்று. கதை புனைந்தோரும் அவர்தம் ஆற்றலைப் பிறப்பில் வைத்திலர்; இழப்பினின்று பெற்ற பாடத்தில் வைத்தனர்.

இத்தகையாரை மெய்யுலகிற் காண ஜப்பானுக்குச் செல்ல வேண்டுவதில்லை. எம் மாவட்டத் தலைநகராகிய விழுப்புரமே ஒருவரை ஈன்றுள்ளது. சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநராய் விளங்கிய வீரமுத்துவேல், இரயில்வேத் தொழில்நுட்பப் பணியாளர் ஒருவரின் மைந்தர். விழுப்புரத்து இரயில்வேப் பள்ளியிற் பயின்றவர். பின்னர் அவர் சேர்ந்தது பெரும்புகழ்க் கல்லூரி எதுவுமன்று. அவ்வூரிலேயே உள்ள பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் டிப்ளமோ பயின்றார். அதன் பின்னரே சென்னையில் பொறியியற் பட்டமும், திருச்சிராப்பள்ளியில் முதுநிலைப் பட்டமும், சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டமும் பெற்றார். 2023-இல் தமிழ்நாட்டரசு அளித்த 25 இலட்ச ரூபாய்ப் பரிசைத் தாம் பயின்ற கல்வி நிலையங்களுக்கே அவர் அளித்தமை, தம் அறிவு எங்கிருந்து வந்தது என்பதை அவர் மறவாமையைக் காட்டும்.

இனி, அவரும் அவர்தம் குழுவினரும் செய்த செயலை நோக்குவோம். 2019-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் சந்திரயான்-2 திட்டத்தின் விக்ரம் என்னும் கலம், நிலவின் தரையை அணுகிய வேளையில் வேகம் தணியாது மோதிச் சிதைந்தது. எந்திரங்களின் உந்துவிசை எதிர்பார்த்ததினும் மிக்கது. பிழைமேற் பிழை சேர்ந்தது. விரைந்து திரும்பித் தன்னைத் திருத்திக்கொள்ளும் ஆற்றல் கலத்திற்குப் போதவில்லை. இறங்குமிடமோ நீளமும் அகலமும் 500 மீட்டரே கொண்ட சிற்றிடம். இவையனைத்தையும் குழுவினர் ஒவ்வொன்றாய் ஆராய்ந்தனர். எது எது சரியாக நடைபெறும் என்பதைவிட, எது எது கெடக்கூடும் என்பதையே அடிப்படையாக வைத்துப் புதுக்கலம் வகுக்கப்பட்டது. கால்கள் உரம் பெற்றன, எரிபொருள் மிகுந்தது, வேகத்தை நேரே அளக்கும் லேசர்க் கருவி ஒன்று சேர்ந்தது, இறங்குமிடம் 4 கிலோமீட்டர் நீளமும் ஏறக்குறைய இரண்டரைக் கிலோமீட்டர் அகலமுமாய் விரிந்தது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பகுதிப் பாறை, நிலவின் மண்ணை ஒத்ததாதலின், பொடியாக்கப்பட்டுச் சோதனைக்குப் பயன்பட்டது. 2023 ஆகஸ்டு 23-ஆம் நாள் மாலை 6.04 மணிக்குக் கலம் நிலவின் தென்முனையை அடுத்த பகுதியில் மெல்லென இறங்கிற்று. மாயவித்தை ஒன்றும் ஆண்டு நிகழ்ந்திலது. நான்கு ஆண்டுகள் அச்சத்தை எண்ணி எண்ணி எழுதிய பட்டியலே வெற்றியாய் மலர்ந்தது.

இம் முன்னுணர்வு எம் கரைக்குப் புதிதன்று. உப்பளத்திற் பணிபுரிவார் உவர்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி, அது திண்ணிதாகும் பக்குவம் அறிந்து உப்பு விளைப்பர். கைப்பு மிகுமுன்னர் எஞ்சிய நீரை வெளியேற்றுவர். வானில் ஒரு கருமுகில் எழுந்தவுடனே, வாரிய உப்பைக் குவித்து மூட முந்துவர். ஒரு நாழிகை தாழ்ப்பின் பல நாள் உழைப்புக் கரைந்தொழியும் என்பதை அவர் அறிவர். ஆயினும் அளத்தில் நிற்பாரின் அறிவை நாம் 'பழக்கம்' என்கின்றோம். ஆய்வுக்கூடத்தில் நிற்பாரின் அறிவை 'மேதைமை' என்கின்றோம். அளவில் வேறுபடினும் இவ்விரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே அன்றோ!

'இராமானுசனைப் போன்றாரும் பயிற்சியாலேயே ஆயினரோ?' என்று வினவுவார் உளர். தனிப்பேராற்றல் உடையார் சிலர் உலகில் தோன்றுதலை யாம் மறுக்கின்றிலேம். ஆனால் கணிதத் தேற்றம் ஒருவர் தனித்திருந்து காணத்தக்கது; விண்கலமோ பல்லாயிரவர் கைபட்டு எழுவது. அங்கே ஒரு திருகாணி தளரினும் மேதையின் பெயர் அதனை இறுக்காது. மேதையை எதிர்நோக்கியிருக்கும் நாடு காத்திருந்தே காலங்கழிக்கும். முன்னெண்ணிச் செய்வாரைப் பயிற்றும் நாடு முன்னேறும்.

ஆதலின் யாம் வேண்டுவன இரண்டு. டிப்ளமோக் கல்வியைத் 'தேறாதார் புகலிடம்' என்று எள்ளும் பேச்சு ஒழிதல் வேண்டும். அவ்வாயிலிற் புகுந்த ஒருவரே நிலவின் வாயிலைத் திறந்தவர்களுள் முன்னின்றார். இரண்டாவது, நம் பள்ளி கல்லூரிகளின் சோதனைக்கூடங்களில் சரியான விடைக்கு மட்டும் மதிப்பெண் ஈதல் போதாது. சோதனை கெட்டவிடத்து, அது ஏன் கெட்டது என்று நேர்மையாய் எழுதிக் காட்டும் மாணவர்க்கும் மதிப்பெண் ஈதல் வேண்டும். இன்று பிழையை மறைக்கக் கற்பவர் நாளை கலத்தைக் காக்க அறியார்.

மாணவ அன்பர்காள்! விழுப்புரத்து மைந்தர் நிலவிற்குக் கலம் விடுத்தார் எனக் கேட்டு வியந்து நிற்றல் எளிது. 'இப்பாத்தியில் கரை எங்கே உடையும்?' என்று உப்பளத்தார் நாளும் வினவும் அவ்வினாவை, நம் கையில் உள்ள பணி யாதாயினும் அதன்கண் வினவிப் பழகுதலே கடிது. கடியதையே கைக்கொள்வோமாக.