தோட்டுக்கு வாங்கும் வைரம்

மட்டக்களப்பிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். மகளுக்குக் கலியாணம் நிச்சயமாகியிருக்கிறதாம். தோட்டுக்கென அரைக் கரட் வைரங்கள் இரண்டை இணையத்திலே கண்டு, கனடாவிலுள்ள மைத்துனர் மூலம் வாங்க எண்ணியிருக்கிறார்கள். "படத்திலே இரண்டும் கண்ணைப் பறிக்கின்றன, நம்பிப் பணம் அனுப்பலாமா?" என்பது கேள்வி. கணவரின் சேமலாப நிதிப் பணம் முழுவதும் இதற்கே போகிறது என்றும் எழுதியிருப்பதால், சற்று விரிவாகவே விடை கூறவேண்டியிருக்கிறது.

சகோதரி, படத்தை நம்பவேண்டாம். பயறளவு கல்லை உள்ளங்கை அளவாகப் பெருக்கிக் காட்டினால் எக்கல்லும் சுடர்விடும்.

விலையைப் பெரிதும் உயர்த்துவது நிறை. ஒளியைத் தருவதோ பட்டை தீட்டிய முறை. நிறையை இழக்க மனமில்லாமல் கல்லின் அடிப்பாகத்தை ஆழமாக விட்டுவிடுவதுண்டு. அப்பொழுது மேலே புகுந்த ஒளி கண்ணுக்குத் திரும்பாமல் அடிப்புறமாகக் கசிந்துவிடும். நடுப்பகுதி இருண்டு தோன்றும், முகமும் சிறுத்துவிடும். நன்கு தீட்டிய அரைக் கரட் வட்டக்கல் ஏறத்தாழ 5.1 மில்லிமீற்றர் அகலமிருக்கும். 4.9 என்று கண்டால், தோட்டுக்குள் மறையப்போகும் ஆழத்துக்கன்றோ பணம் கொடுக்கிறீர்கள்! சோடிக் கற்களின் அகலமும் ஒத்திருத்தல் வேண்டும்.

மாசு பற்றிய அச்சம் நமக்குப் பழையது. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையிலேயே வைரக் குற்றங்கள் நான்கு சொல்லப்படுகின்றன. காகபாதம் அவற்றுள் ஒன்று. இன்று பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியாற் பார்த்துத் தரம் பிரிக்கிறார்கள். வீ.எஸ். தரத்துக் கல்லின் மாசு வெறுங்கண்ணுக்குத் தெரியாது. நிறம் டி முதல் இசட் வரை போகும். மஞ்சட்பொன்னிற் பதிக்க ஜி அல்லது எச் தாராளமாகப் போதும். இவ்விரண்டிலும் மிச்சம் பிடித்து, பட்டைத் தரத்திலே 'எக்ஸலன்ற்' என்றிருப்பதை வாங்குங்கள்.

இயற்கைக் கல்லா, ஆய்வுகூடத்தில் வளர்த்ததா என்பதையும் சான்றிதழிலே பாருங்கள். 1954ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பனியார் செயற்கை வைரம் ஆக்கிவிட்டனர். அது போலிக்கல் அன்று, வைரமேதான். விலைதான் மிகமிகக் குறைவு. மகளுக்குச் சம்மதமாயின் அதையே வாங்கி, மிகுதியை வங்கியில் இடலாம் என்பது என் எண்ணம். மைத்துனர் சிரிப்பாராயினும் சிரிக்கட்டும். இயற்கைக் கல்லின் விலைக்கு அதை விற்பதிலேதான் மோசம் இருக்கிறது.

1931இல் தொடங்கிய அமெரிக்க நிறுவகமான ஜீ.ஐ.ஏ. தரும் சான்றிதழ் உலகெங்கும் மதிக்கப்படுவது. அதன் இலக்கத்தை அவர்களது இணையத்தளத்தில் இட்டுப் பார்க்கலாம். ஆயினும் அது தாளுக்குத்தான் சாட்சி. கைக்கு வந்த கல்லுக்கு அன்று. கல்லின் இடுப்பு விளிம்பிலே அதே இலக்கத்தை லேசர் ஒளியாற் பொறித்திருக்கும் கல்லையே கேளுங்கள். வந்ததும், திருப்பியனுப்பக் குறித்த நாட்களுக்குள், விற்றவரோடு தொடர்பில்லாத ஓர் இரத்தின வியாபாரியிடம் காட்டி, இலக்கம், நிறை, அகலம் மூன்றையும் ஒப்பிடுங்கள். அதற்கு முன் பத்தரிடம் கொடுக்கவேண்டாம். பதித்துவிட்டால் அவ்விலக்கம் பொன்னுக்குள் மறைந்துவிடக்கூடும். பதித்த கல்லைத் திருப்பி எடுக்கவும் மாட்டார்கள்.