பொட்டைக் குட்டியா? அப்போ வேண்டாம்!

தெருவில் கிடந்த நாய்க்குட்டியைத் தூக்கி வந்து, நல்ல வீடு கிடைக்கிற வரைக்கும் வளர்த்துக் கொடுப்பதை இப்போ 'ஃபாஸ்டர்' என்கிறார்கள். பேர்தான் புதுசு, விஷயம் பழசுங்க. 1959ல் சென்னை தி.நகரில் மழை வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு குட்டிகளை விமானி கேப்டன் வி.சுந்தரம் வீட்டுக்குத் தூக்கி வந்தார். புளூ கிராஸ் ஆஃப் இந்தியா என்கிற அமைப்பு அங்கேதான் ஆரம்பம்.

இதைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே நம்ம கிளாஸ் பசங்க கேட்கிற முதல் கேள்வி, "வளர்த்துட்டு அப்புறம் குடுக்க மனசு வருமா மச்சி?" மனசு எப்படியும் வந்துடும். யாருக்குக் கொடுப்பது என்பதுதான் கஷ்டமான கேள்வி.

எங்க வாழவந்திப் பக்கம் காபி எஸ்டேட்டுகள் அதிகம். ஆண் குட்டி என்றால் காவலுக்கு ஆகும் என்று உடனே ஆள் வந்துவிடும். பொட்டை என்றால், "வருஷத்துக்கு ரெண்டு தடவை குட்டி போடும், யாரு பார்க்கிறது?" என்று ஒரே பதில். எங்க வீட்டில் இப்போ இருப்பதும் பொட்டைக் குட்டிதான். ஐந்து பேர் வந்து பார்த்தார்கள். நாலு பேர், வாலைத் தூக்கிப் பார்த்ததோடு சரி. ஐந்தாவது ஆள் ஏற்காடு சுற்றிப் பார்க்க வந்தவர். இப்பவே காரில் எடுத்துட்டுப் போறேன் என்றார். வாடகை வீடு, ஹவுஸ் ஓனரிடம் கேட்கவில்லை. அம்மா, "வீட்ல கேட்டுட்டு வாங்க தம்பி, குட்டி இங்கதான் இருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர் திரும்பி வரவில்லை.

அம்மா செய்தது ரொம்பச் சரி என்பது என் கட்சி. பிசினஸ் லா பேப்பரில் 'பெயில்மென்ட்' படித்தோமே, ஞாபகம் இருக்கா? 1872 இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 71. அடுத்தவர் பொருளைக் கண்டெடுத்து வைத்துக்கொள்பவருக்கு, பெய்லிக்கு உள்ள அதே பொறுப்பு உண்டு. பிரிவு 151ன்படி, சாதாரண விவேகம் உள்ள மனிதர் தன் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்கிற மாதிரி அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தெருக்குட்டிக்குச் சொந்தக்காரர் கிடையாது, அதனால் சட்டப்படி இது பொருந்தாது. ஆனா என் கணக்குப்படி அதுக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். அவர் வருகிற வரைக்கும் நாம பெய்லி. தப்பான ஆளிடம் ஒப்படைத்தால் நாமதான் பொறுப்பு.

இடைப்பட்ட நாளில் செய்ய வேண்டியது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மலைக் குளிருக்கு, பழைய துணியில் சுற்றிய வெந்நீர் பாட்டில். மாட்டுப் பால் வயிற்றைக் கெடுக்கும், வேண்டாம். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் பார்வோ, டிஸ்டெம்பருக்கு முதல் ஊசி, அப்புறம் டாக்டர் சொல்கிற தேதிகளில் பூஸ்டர். மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ல் வந்த விதியே இருக்கிறது. இலவசமாகக் கொடுக்கிற நாமும் அதுக்கு முன்னாடி கொடுக்க வேண்டாமே.

எடுக்க வருகிறவரிடம் மூன்று கேள்வி போதும். வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா? நீங்க ஊருக்குப் போனா யார் சோறு வைப்பாங்க? ஆறு மாதம் ஆனதும் கருத்தடை செய்வீங்களா? மூன்றாவது கேள்விதான் பொட்டைக் குட்டியின் தலையெழுத்தை மாற்றுகிறது. ஒரே ஒரு ஆபரேஷன், குட்டி போடும் என்கிற புகார் அதோடு முடிந்தது. அதுக்கு அப்புறமும் காவலுக்குக் குரைக்காதா என்ன?

தெருநாய் வழக்கில் 2025 ஆகஸ்ட் 22 அன்று சுப்ரீம் கோர்ட் கொடுத்த உத்தரவிலும், தத்தெடுத்த நாய் திரும்பத் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது எடுத்தவர் பொறுப்பு என்றே சொல்லியிருக்கிறது. அந்தப் பொறுப்பை எடுக்கத் தயாரா என்று கேட்டுப் பார்த்துக் கொடுப்பது நம்ம வேலை.

அதனால், "ஐயோ பாவம், யாராவது எடுத்துட்டுப் போனா சரி" என்று நினைக்காதீங்க. யாராவது எடுத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்ட குட்டிகள்தான் பஸ் ஸ்டாப்பில் நிற்கின்றன. இன்னும் ஒரு மாதம் கூடச் சோறு போட்டாலும் பரவாயில்லை, "உங்களுக்குத் தர முடியாதுங்க" என்று சொல்லப் பழகுங்க.

நம்ம கருப்பிக்கு இன்னும் ஆள் வரவில்லை. கேள்வி மூன்றும் ரெடியாக இருக்கிறது!