விளக்கடி இருள்

"தண்ணீரில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்!" என்று மேலதிகாரிகள் மிரட்டியதெல்லாம் ராமநாதபுரம் ஜில்லாவை நினைத்துத்தான். அந்த ஜில்லாவின் கமுதியிலே, 2016-ஆம் ஆண்டில், சுமார் 2,500 ஏக்கர் பரப்பில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தது. ஜனங்கள் சபித்துவந்த வெயிலே சம்பத்தாகிவிட்டது!

நிலையத்தை நாட்ட எட்டு மாதந்தான் பிடித்தது. அதை நடத்துவதோ இருபத்தைந்து வருஷத்துக் காரியம். சுமார் 25 லட்சம் பலகைகளில் புழுதி படிந்தால் மின்சாரம் குறைந்துபோகும். ஆகவே, தங்களுக்கு வேண்டிய சக்தியையும் சூரியனிடமே பெறும் யந்திரங்கள் தினந்தோறும் அவற்றைத் துடைக்கும்படி ஏற்பாடு செய்திருக்கிறார்கள். இந்தத் திறமையை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால், நாட்டும்போது ஆயிரக்கணக்கானோருக்குக் கிடைத்த வேலை, நடத்தும்போது சிலருக்கே கிடைக்கிறது. மேய்ச்சல் நிலமும் வேலிக்குள் போய்விட்டால், ஆடு மேய்த்துப் பிழைப்பவர் எங்கே போவார்? இனி எழும் நிலையங்களிலாவது பலகைகளைச் சற்று உயர்த்தி நிறுத்தி, அடியில் புல் வளரவிட்டு, ஊர் ஆடுகளுக்கு வழி திறக்கலாமே! நிழலில் புல் சீக்கிரம் வாடாது. புல் வெட்டும் செலவும் மிச்சம். அயல்நாடுகள் சிலவற்றில் இப்படிச் செய்தும் வருகிறார்கள்.

நாட்டுக்கு ஒளி தரும் ஊர், விளக்கடி இருளாய் நிற்கலாகாது என்பதே நமது வேண்டுகோள்.