பழைய அட்டைப் பெட்டி: எடைக்குப் போடும் முன் ஒரு கணக்கு

அம்பத்தூரிலோ கோவையிலோ ஓசூரிலோ ஏதாவதொரு சிறு தொழிற்கூடத்தின் வாசலுக்கு இரண்டு வகை வண்டிகள் வந்துபோகின்றன. ஒன்று புதிய அட்டைப் பெட்டிகளை இறக்குகிறது. மற்றொன்று, உதிரிபாகங்கள் வந்திறங்கிய பெட்டிகளைக் கிழித்து மடக்கி, எடைபோட்டு ஏற்றிச் செல்கிறது. இறங்கும் பெட்டிக்கு எண்ணிக்கைக் கணக்கில் பணம் கொடுக்கிறோம்; ஏறும் பெட்டிக்குக் கிலோ கணக்கில் பணம் வாங்குகிறோம். இந்த இரண்டு கணக்குகளுக்கும் இடையில்தான் சிறுதொழில் செய்வோரின் பணம் கசிகிறது.

45 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் 30 செ.மீ. உயரமும் கொண்ட ஐந்தடுக்குப் பெட்டி ஏறத்தாழ முக்கால் கிலோ இருக்கும். புதிதாக வாங்கினால் 40 ரூபாய், பழைய அட்டை கிலோ 12 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எடைக்குப் போட்டால் கிடைப்பது 9 ரூபாய். அதே பெட்டியைக் கிழிக்காமல் ஒரு வியாபாரி 14 ரூபாய்க்கு எடுத்து, தரம் பார்த்து, இன்னொரு நிறுவனத்துக்கு 22 ரூபாய்க்குக் கொடுத்தால் விற்றவர், இடைநின்றவர், வாங்கியவர் மூவருக்கும் லாபம். விலைகள் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். ஆனால் பெட்டியாக இருக்கும்போது உள்ள மதிப்பு, கிழித்த அட்டைக்கு ஒருபோதும் இருப்பதில்லை.

விலை நம் கையில் இல்லை

புதுப் பெட்டியின் விலையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கிராஃப்ட் காகிதத்தின் விலை. உடுமலை, கோவை, ஈரோடு வட்டாரங்களில் இயங்கும் கிராஃப்ட் ஆலைகளுக்குப் பழைய அட்டையே முக்கிய மூலப்பொருள். உள்நாட்டில் சேர்வது போதாமல் அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் கப்பலில் கழிவுக் காகிதம் வருகிறது. ஆக, உள்ளூர்ப் பெட்டியின் விலை உலகச் சந்தையோடு கட்டுண்டு கிடக்கிறது.

அதன் விளைவை 2020-21இல் கண்டோம். கழிவுக் காகித இறக்குமதியைப் படிப்படியாகக் குறைத்துவந்த சீனா, 2021 ஜனவரியிலிருந்து அதை முற்றிலும் நிறுத்தியது. மூலப்பொருளுக்காக அந்நாட்டு ஆலைகள் இந்தியாவிலிருந்து மறுசுழற்சிக் காகிதக்கூழை உருளைகளாக வாங்கத் தொடங்கின. கொரோனா காலத்தில் கன்டெய்னர் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. கிராஃப்ட் விலை கடுமையாக ஏறி, பெட்டித் தயாரிப்பாளர்கள் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு கேட்டுக் குரல் எழுப்பினார்கள். அதுபோன்ற நேரத்தில், தன் தேவையில் மூன்றில் ஒரு பங்கைப் பழைய பெட்டிகளால் சமாளிக்கும் நிறுவனத்துக்கு அடி குறைவாகவே விழும்.

ஜிஎஸ்டி குறைந்துவிட்டதே என்று கேட்கலாம். அட்டைப் பெட்டிக்கான வரி 2024இல் 18 சதவீதத்திலிருந்து 12 ஆகவும், 2025 செப்டம்பரில் 5 ஆகவும் குறைந்தது உண்மை. ஆனால் பதிவுபெற்ற நிறுவனங்கள் அந்த வரியை ஏற்கெனவே உள்ளீட்டு வரவாகக் கழித்துக்கொண்டுதான் இருந்தன. அவற்றின் அடக்கச் செலவில் பெரிய மாற்றமில்லை.

பழைய பெட்டியை நாட இன்னொரு காரணமும் உண்டு. அச்சிட்ட பெட்டி வேண்டுமென்றால் குறைந்தபட்சம் இத்தனை என்று தயாரிப்பாளர் நிபந்தனை வைப்பார். மாதம் 100 பெட்டி மட்டும் தேவைப்படும் கைத்தறிக் கடைக்கோ புத்தகப் பதிப்பாளருக்கோ அது சுமை. பழைய பெட்டி வியாபாரியிடம் 30 பெட்டியும் வாங்கலாம், அன்றைக்கே எடுத்துப்போகலாம். அவரிடம் இருப்பவை எல்லாமே பயன்படுத்தியவையும் அல்ல. அச்சுப்பிழையால் ஒதுக்கியவை, ஆர்டர் ரத்தானதால் தேங்கியவை என ஒரு முறைகூடச் சரக்கு ஏற்றாத பெட்டிகளும் அங்கே கிடைக்கும்.

‘எப்படியும் மறுசுழற்சிதானே?’

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இதுதான்: அட்டைப் பெட்டி குப்பைமேட்டுக்குப் போவதில்லை, பழைய பேப்பர் கடை வழியாக ஆலைக்குத் திரும்பிவிடுகிறது, பிறகு எதற்கு மறுபயன்பாடு? ஐரோப்பிய ஒன்றியம் 2025இல் கொண்டுவந்த பேக்கேஜிங் சட்டம்கூட, சரக்குப் போக்குவரத்துக்கான மறுபயன்பாட்டு இலக்குகளிலிருந்து அட்டைப் பெட்டிக்கு விலக்கு அளித்திருக்கிறது.

இந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. மறுசுழற்சி என்றால் அட்டையைத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி, ஸ்டேப்பிள் பின்னையும் டேப்பையும் நீக்கி, தாளாக விரித்து, நீராவியால் உலர்த்தி, மீண்டும் நெளித்து ஒட்டுவது. ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீரும் எரிபொருளும் செலவாகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் நார் குட்டையாகிப் பலமிழக்கிறது. அதை ஈடுகட்டப் புதிய மரக்கூழோ, நீண்ட நார் கொண்ட இறக்குமதி அட்டையோ கலக்க வேண்டியிருக்கிறது. நல்ல நிலையில் உள்ள பெட்டியை ஒரே பயணத்தோடு கூழாக்குவது, அதற்குள் அடங்கிய உழைப்பையும் எரிபொருளையும் பாதியில் கைவிடுவதாகும். பழைய பெட்டியை மீண்டும் பயன்படுத்துவதால் மறுசுழற்சி நின்றுவிடப்போவதுமில்லை. இரண்டு மூன்று பயணங்கள் முடித்து அதே பெட்டி அதே ஆலைக்குத்தான் போகும்.

ஐரோப்பா விலக்களித்தது சட்டக் கட்டாயத்திலிருந்துதான். விரும்பிச் செய்வதற்கு அங்கேயும் தடையில்லை. இங்கேயும் கட்டாயம் தேவையில்லை. கணக்கு தெரிந்தால் போதும்.

எங்கே கூடாது?

பழைய பெட்டியை ஆதரிப்பவர்கள் அதன் எல்லையையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அடுக்கும்போது பெட்டியின் எடையைப் பெருமளவு தாங்குவது அதன் நான்கு செங்குத்து மூலைகள். மூலை நசுங்கிய பெட்டி வெளியில் பளபளப்பாக இருந்தாலும் அடுக்கின் அடியில் நிற்காது. அட்டை ஈரத்தை உறிஞ்சும். காற்றில் ஈரப்பதம் மிக அதிகமானால் அதன் தாங்குதிறன் பாதியளவுக்குக்கூடச் சரிந்துவிடும். சென்னையிலும் தூத்துக்குடியிலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்த கொட்டகையில் கிடந்த பெட்டியை நம்பிக் கனமான சரக்கை ஏற்றக் கூடாது. மடிப்பில் விரிசல், தண்ணீர்க் கறை, எண்ணெய் வாடை, நெளிவு அமுங்கிய பக்கம், கரப்பான் முட்டை – இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தப் பெட்டிக்கு எடைபோடும் இடமே சரி.

உணவு நேரடியாகத் தொடும் இடத்திலும், மருந்து அனுப்புவதிலும் பழைய பெட்டியைச் சேர்க்கவே கூடாது. முன்பு அதில் என்ன இருந்தது என்பது யாருக்கும் தெரியாது; மருந்து நிறுவனத்தின் பெயர் போட்ட பெட்டி தவறானவர் கையில் போலிக்குத் துணைபோகும். பட்டாசு, ரசாயனம் போன்ற அபாயகரச் சரக்குகளுக்குச் சோதனைச் சான்று பெற்ற பெட்டியே வேண்டும். திருப்பூர் ஏற்றுமதியாளர் வெளிநாட்டு வாடிக்கையாளர் கேட்கும் தரத்தில்தான் பெட்டி கொடுக்க முடியும். ஆனால் அதே திருப்பூரில் வெட்டிய துணி தையல் கூடத்துக்கும், தைத்தது செக்கிங்குக்கும் போகும் ஜாப் ஒர்க் பயணங்களுக்குப் புதுப் பெட்டி எதற்கு? கிளைக்குக் கிளை அனுப்பும் சரக்கு, கிடங்கு இருப்பு, உதிரிபாகம், வீடு மாற்றும் சாமான் என்று பழைய பெட்டி தாராளமாகத் தாங்கும் வேலைகள் ஏராளம்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. பழைய பார்கோடு, முகவரி, அபாயக் குறி ஆகியவற்றை முழுவதும் மறைக்க வேண்டும். இல்லையேல் பார்சல் வேறு ஊருக்குப் போகும். அல்லது சரக்கு முனையத்தில் நிறுத்தப்படும்.

தேவை ஓர் ஏற்பாடு

இவ்வளவு பயன் இருந்தும் இந்த வணிகம் ஏன் ஒழுங்காக வளரவில்லை? வாங்குபவருக்கு நம்பிக்கை தரும் தரப்பிரிப்பு இல்லாததே முதல் காரணம். ஒரே கட்டில் உறுதியான பெட்டியும் நைந்த பெட்டியும் கலந்து வந்தால் யாரும் மறுமுறை வாங்க மாட்டார்கள். இன்னொரு காரணம் கௌரவம். பழைய பெட்டியில் அனுப்பினால் வாடிக்கையாளர் நம்மைத் தாழ்வாக நினைப்பாரோ என்ற தயக்கம் பலரிடம் இருக்கிறது. 2021இல் தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் கடைக்குப் போகும் மக்களிடம் மறுபயன்பாட்டைப் பேசியது. கொடுத்து வாங்கும் நிறுவனங்களிடமும் அதே பேச்சு எழ வேண்டும்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. தொழிற்பேட்டைச் சங்கங்கள் தங்கள் வளாகத்திலேயே பெட்டி மாற்று மையம் நடத்தலாம். மடக்கிய பெட்டி எடை குறைவு, இடம் அதிகம். வெகுதூரம் ஏற்றிச் சென்றால் மிச்சமானது லாரி வாடகையில் போய்விடும். எனவே ஊருக்குள்ளேயே சுற்ற வேண்டும். அடுக்கத் தகுந்தது, அனுப்பத் தகுந்தது, கிடங்குக்கு மட்டும் என மூன்று தரம் வகுத்தால் போதும். கொள்முதல் பிரிவினர் பத்துப் பதினைந்து அளவுகளை மூன்று நான்காகக் குறைத்தால், ஒருவரின் பெட்டி மற்றவருக்குப் பொருந்தும். கத்தியால் கிழிக்காமல் டேப்பை மட்டும் அறுத்துத் திறக்கத் தொழிலாளர்களைப் பழக்க வேண்டும்.

காகிதப் பேக்கேஜிங்குக்கும் உற்பத்தியாளர் பொறுப்பை விரிவாக்கும் வரைவு விதிகளை மத்திய அரசு 2024 டிசம்பரில் வெளியிட்டது. அந்தத் திசையில் அமையும் எந்த விதியும், எத்தனை டன் கூழாக்கப்பட்டது என்பதை மட்டும் அளந்தால், நல்ல பெட்டியைக் கிழிப்பதற்கே ஊக்கம் கொடுத்ததாகிவிடும். எத்தனை பெட்டிகள் மீண்டும் பயணப்பட்டன என்பதையும் அளந்து, அதற்குக் கூடுதல் மதிப்பு தர வேண்டும். சங்கங்கள் இந்தக் கோரிக்கையை இப்போதே முன்வைக்க வேண்டும். சிறு நிறுவனங்கள் அதுவரை காத்திராமல், அடுத்த கொள்முதல் ஆர்டர் போடும் முன் தங்கள் கிடங்கில் இருக்கும் பெட்டிகளை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.